பறந்து விழும் பந்தை வைத்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். சாய்தளத்தில் ஓர் இரும்புக் குண்டை உருட்டி, மேசை விளிம்பிலிருந்து கிடைமட்டமாகப் பறக்கவிட்டோம். எந்த உயரத்திலிருந்து உருண்டது, மேசை எவ்வளவு உயரம், தரையில் எங்கே விழுந்தது எல்லாம் அளந்தாயிற்று. ஆனால் சமன்பாட்டில் போட்டால் ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) அடிபட்டுப் போய்விடுகிறது. அப்புறம் சுவரில் மீட்டர் அளவுகோலை ஒட்டி, பந்தை எறிந்து போனில் வீடியோ எடுத்துக் கணக்கிட்டோம். 10.8 வருகிறது. பந்து சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் பறந்தது, போன் பந்திலிருந்து பத்தடியில் இருந்தது. எங்கே தவறு?

பதில்:

முதல் சோதனையில் நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. ஜி அடிபட்டுப் போகத்தான் வேண்டும். ஏன் என்று புரிந்துவிட்டால் இரண்டாவது சோதனையின் 10.8-ஐயும் சரிசெய்துவிடலாம்.

குண்டு சாய்தளத்தில் இறங்கும்போது வேகம் பெறுவது புவியீர்ப்பால். ஜி அதிகமானால் விளிம்பை விட்டுக் கிளம்பும் வேகமும் அதிகம். ஆனால் அதே ஜி குண்டைத் தரைக்கும் சீக்கிரம் இழுத்துவிடும், காற்றில் இருக்கும் நேரம் குறையும். வேகம் ஜி-யின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது, நேரம் அதே வர்க்கமூலத்தால் குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் வரும் தூரத்தில் ஜி-க்கு இடமே இல்லை. உராய்வில்லாமல் வழுக்கி வந்தால் தூரம் = 2 × √(சாய்தள உயரம் × மேசை உயரம்). திண்மக் குண்டு உருண்டு வந்தால் ஆற்றலில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடுவதால் 2-க்குப் பதில் சுமார் 1.69. எப்படிப் பார்த்தாலும் சூத்திரத்தில் நீளங்கள் மட்டும்தான். இதே சாய்தளத்தையும் மேசையையும் நிலாவுக்குக் கொண்டுபோய் உருட்டினாலும் குண்டு அதே புள்ளியில்தான் விழும். மேசையிலிருந்து தரைக்கு வர மட்டும் சுமார் இரண்டரை மடங்கு நேரம் எடுக்கும்.

முடுக்கத்தின் அலகு மீட்டர்/வினாடி². நீங்கள் அளந்தது முழுக்க மீட்டர்கள். வினாடி எங்கிருந்தும் உள்ளே வரவில்லை, அதனால் விடையும் வரவில்லை. எறிபொருளின் பாதை எவ்வளவு அழகான பரவளையமாக இருந்தாலும், அந்தக் கோட்டை மட்டும் வைத்து ஜி-யைப் பெற முடியாது. கடிகாரம் வேண்டும், அல்லது கடிகாரத்தால் ஏற்கெனவே அளந்த ஒரு வேகம் வேண்டும். இந்தக் கணக்கில் மாணவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான். பாடப்புத்தகத்தில் "தொடக்கத் திசைவேகம் கொடுக்கப்பட்டுள்ளது" என்ற ஒரு வரி கடிகாரத்தின் வேலையை முன்கூட்டியே முடித்துவிடுவதால் அது கண்ணில் படுவதில்லை.

நீங்கள் செய்த அதே சோதனையைக் கலிலியோவும் செய்திருக்கிறார். ஏறத்தாழ 1608-ஐச் சேர்ந்த அவருடைய கையெழுத்துத் தாள் ஒன்று இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் அதை 116ஆம் தாளின் பின்பக்கம் என்று அடையாளம் சொல்வார்கள். மேசை உயரம் 828 புள்ளி. அவருடைய 'புள்ளி' ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால், நம் வீட்டு மேசை உயரம்தான். 300 புள்ளி உயரத்திலிருந்து உருட்டியபோது குண்டு 800 புள்ளி தள்ளி விழுந்தது. உயரத்தை 600 ஆக்கினார். கணக்குப்படி 1131 வரவேண்டும், வந்தது 1172. வித்தியாசம் 41 என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். 1000 புள்ளி உயரத்துக்கு 1460 எதிர்பார்த்தார், கிடைத்தது 1500. முதல் அளவீட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றை விகிதமாக மட்டுமே அவர் கணக்கிட்டார் என்பதைக் கவனியுங்கள். தூரம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறதா என்பதே அவருடைய கேள்வி. ஜி-யின் மதிப்பை அவர் கேட்கவில்லை, இந்தச் சோதனையால் சொல்லவும் முடியாது. உங்கள் எண்களையும் இப்படி விகிதமாகப் போட்டுப் பாருங்கள். வர்க்கமூல விதி வந்தால், 1638-இல் அவர் நூலாக வெளியிட்ட பரவளைய நிரூபணத்தின் ஆதாரத்தையே உங்கள் மேசையில் கண்டிருக்கிறீர்கள். ஆகவே அந்த அளவீடுகளைத் தூக்கிப் போட வேண்டாம்.

அதே மேசைச் சோதனையிலிருந்து ஜி வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றைச் சேருங்கள். குண்டு விளிம்பை நெருங்கும் கடைசிப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டரைப் போனின் ஸ்லோ மோஷனில் எடுத்து, அங்கே அதன் வேகத்தை நேரடியாக அளந்துவிடுங்கள். அந்தப் பகுதி மட்டமாக இருக்க வேண்டும். பிறகு,

ஜி = 2 × மேசை உயரம் × வேகம்² ÷ தூரம்²

மேசை 0.78 மீட்டர், வேகம் 1.50 மீ/வி, தூரம் 0.60 மீட்டர் என்றால் 9.75 வரும். ஆனால் வேகத்தை 1.50-க்குப் பதில் 1.55 என்று எடுத்துவிட்டால் 10.4 ஆகிவிடும். வேகமும் தூரமும் வர்க்கமாக நிற்பதால் சிறு பிழையும் இரட்டிப்பாகிறது. தரையில் வெள்ளைத் தாளும் அதன்மேல் கார்பன் தாளும் விரித்துவிட்டால் விழுந்த இடம் மில்லிமீட்டர் அளவில் தெரிந்துவிடும். வேகத்தில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

சரி, வீடியோவுக்கு வருவோம். என் கருத்தில் பள்ளி அளவில் இதுதான் சிறந்த முறை, ஏனென்றால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு கடிகார முள். பந்து எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில் கிளம்பியது என்று தெரியவே வேண்டாம். எறிபொருளின் செங்குத்து இயக்கம் கிடைமட்ட இயக்கத்தைச் சட்டை செய்வதில்லை, அதனால் உயரத்தை மட்டும் நேரவாரியாகக் குறித்தால் போதும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போடுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, உண்மையான வீடியோவில் இருப்பதுபோல் அரை சென்டிமீட்டர் வரை தடுமாற்றமும் சேர்த்திருக்கிறேன். 30 ஃபிரேம் வீடியோவில் மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை, அதாவது 0.1 வினாடிக்கு ஒருமுறை, பந்து மையத்தின் உயரம் சென்டிமீட்டரில்:

120, 149, 169, 178, 178, 167, 148

அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம்: 29, 20, 9, 0, −11, −19. இது வேகம் எப்படி மாறுகிறது என்று காட்டுகிறது. இந்த வித்தியாசங்களுக்கு இடையிலான வித்தியாசம்: −9, −11, −9, −11, −8. இதுதான் முடுக்கம். இடைவெளி 0.1 வினாடி என்பதால் சென்டிமீட்டரில் வரும் இந்த எண்ணே மீ/வி² ஆகிவிடுகிறது. சராசரி 9.6.

பெரும்பாலானோர் இங்கே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. அந்த ஐந்து எண்களையும் கூட்டிப் பாருங்கள்: −48. இது கடைசி வித்தியாசமான −19-லிருந்து முதல் வித்தியாசமான 29-ஐக் கழித்ததுதான், வேறொன்றுமில்லை. நடுவில் கஷ்டப்பட்டு எடுத்த 169, 178, 178 மூன்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விட்டன. ஏழு அளவீடுகள் எடுத்து நான்கை மட்டும் பயன்படுத்தியிருக்கிறோம்.

எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்துகிற பரவளையத்தைக் கண்டுபிடிப்பதே சரியான வழி. கணினி இல்லாமலே செய்யலாம். சம இடைவெளியில் ஏழு அளவீடுகள் இருந்தால், அவற்றை வரிசையாக 5, 0, −3, −4, −3, 0, 5 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி 42-ஆல் வகுக்க வேண்டும். மீச்சிறு வர்க்க முறையில், அதாவது விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி, இருபடிக் கோவையைப் பொருத்தினால் வரும் எடைகள் இவை. நம் எண்களுக்கு 600 − 507 − 712 − 534 + 740 = −413. 42-ஆல் வகுத்தால் −9.83. கழித்தல் குறி கீழ்நோக்கிய திசை. அதே வீடியோ, அதே ஏழு எண்கள், 9.6 போய் 9.83 வந்திருக்கிறது. நான் அந்த எண்களை 9.78 என்ற மதிப்பை வைத்து உருவாக்கினேன், ஆக எது நெருங்கி வந்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். இதையே நூறு புள்ளிகளுக்குச் செய்ய வேண்டுமென்றால் டிராக்கர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விரிதாளில் இருபடிப் போக்குக்கோடு போட்டாலும் வேலை முடிந்துவிடும். முதல் முறை மட்டும் கையால் போட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் 10.8. அளவுகோல் சுவரில், பந்து சுவரிலிருந்து ஓரடி முன்னால், போன் பந்திலிருந்து பத்தடி. அப்படியென்றால் அளவுகோல் போனிலிருந்து பதினோரடி தூரத்தில் இருக்கிறது. தூரத்தில் இருப்பதால் அது படத்தில் பத்துக்குப் பதினொன்று என்ற விகிதத்தில் சிறுத்துத் தெரியும். அந்தச் சிறுத்த அளவுகோலால் பந்தின் நகர்வை அளந்தால் எல்லா உயரங்களும் 1.1 மடங்கு பெருகிவிடும், ஜி-யும் அதே மடங்கு பெருகும். 10.8-ஐ 1.1-ஆல் வகுத்தால் 9.82. உங்கள் வீடியோ நல்ல வீடியோ, அளவுகோல்தான் தப்பான இடத்தில் இருந்தது. அடுத்த முறை பந்து பறக்கப்போகிற அதே தளத்தில் ஒருவரை அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லி முதலில் ஒரு ஃபிரேம் எடுத்துக்கொள்ளுங்கள். போனையும் இன்னும் பின்னால், பதினைந்து இருபதடிக்குக் கொண்டுபோங்கள். தூரம் கூடக்கூட இந்தப் பிழை சுருங்கும்.

கிடைமட்ட நகர்வையும் குறித்து வைக்கச் சொல்வேன். அது ஜி-யைத் தராது, ஆனால் மற்ற கோளாறுகளைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு இடைவெளியிலும் பந்து பக்கவாட்டில் சமதூரம் நகர வேண்டும். அந்தத் தூரம் ஒரே சீராகக் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போனால் போன் சாய்ந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். அப்போது ஈர்ப்பின் ஒரு கூறு பக்கவாட்டில் தெரிகிறது. கிடைமட்ட முடுக்கத்தின் வர்க்கத்தையும் செங்குத்து முடுக்கத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சாய்வின் பாதிப்பு நீங்கிவிடும்.

ஃபிரேம் எண்ணிக்கையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. வினாடிக்கு 240 ஃபிரேமில் எடுத்த ஸ்லோ மோஷன் வீடியோவைச் சில போன்கள் 30 ஃபிரேம் வீடியோவாகச் சேமித்துக் கொடுக்கும். மென்பொருள் அதை நம்பினால் நேரம் எட்டு மடங்கு நீளும், ஜி அறுபத்து நான்கில் ஒரு பங்காகி 0.15 என்று நிற்கும். சாதாரண வீடியோவிலோ வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம் இடைவெளியே சீரில்லாமல் போகும். வெயிலில் எடுப்பது நல்லது, பந்தும் இழுவிக்கொண்டு தெரியாது. ஒரு மின்கடிகாரத்தின் வினாடிகளைப் படம் பிடித்து, ஒரு வினாடிக்கு உண்மையில் எத்தனை ஃபிரேம் என்று சரிபார்த்துக்கொண்டால் நிம்மதி. மேசை உயரத்திலிருந்து விழ 0.4 வினாடிதான் ஆகும். 30 ஃபிரேமில் அது வெறும் 12 படம். ஒரு ஃபிரேம் தவறினால் நேரத்தில் 8 சதவீதமும் ஜி-யில் சுமார் 16 சதவீதமும் பிழை வரும். 240-இல் அதே ஒரு ஃபிரேம் 2 சதவீதம்தான்.

எந்தப் பந்து என்பதும் முக்கியம். மேசைப்பந்தாட்டப் பந்து வேண்டவே வேண்டாம். 2.7 கிராம்தான் எடை. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அதன்மேல் காற்றின் தடை அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்கும், பரவளையமே கோணிப்போகும். கிரிக்கெட் பந்துக்கு அதே வேகத்தில் 2 சதவீதம் அளவுக்குத்தான் தடை.

காற்றே இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு நிலாவிலிருந்தே படங்கள் இருக்கின்றன. 1972 ஏப்ரலில் அப்போலோ 16 பயணத்தில் ஜான் யங் ஓட்டிய வண்டியின் சக்கரங்கள் தூசியை வாரியிறைத்ததைச் சார்லஸ் டியூக் படமெடுத்தார். பூமியில் தூசி மேகமாகித் தொங்கும். அங்கே ஒவ்வொரு துகளும் எறிந்த கல்லைப்போல வளைந்து போய் விழுகிறது. 2012-இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் அந்தப் படத்தில் தூசியின் பாதையை ஃபிரேம் ஃபிரேமாக அளந்து, அது நிலாவின் ஈர்ப்போடு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். நீங்கள் வீட்டுச் சுவருக்கு முன்னால் செய்த அதே வேலை. அதே பயணத்தில் யங் கொடிக்கு முன்னால் சல்யூட் அடித்தபடி குதித்த காட்சியும் இருக்கிறது. தரையை விட்டு எழும்பித் திரும்ப விழ ஏறத்தாழ 1.45 வினாடி. மேலே போய் அதே மட்டத்துக்குத் திரும்பும் எதற்கும் உயரம் = ஜி × நேரம்² ÷ 8. நிலாவின் 1.62-ஐப் போட்டால் 43 சென்டிமீட்டர் வருகிறது. பூமியில் அவ்வளவு நேரம் காற்றில் இருக்க 2.6 மீட்டர் எழும்ப வேண்டும்.

இந்தச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் உங்களுக்கு இன்னொரு நல்ல முறை கிடைக்கும்: ஜி = 8 × உயரம் ÷ நேரம்². பந்தைத் தரையில் குதிக்கவிடுங்கள். இரண்டு குதிப்புகளுக்கு நடுவே அது ஓர் எறிபொருள். தரையில் படும் 'டப்' சத்தத்தைப் போன் பதிவு செய்துவிடும், ஒலிப்பதிவில் நேரம் மில்லிவினாடி வரை துல்லியமாகத் தெரியும். ஃபைஃபாக்ஸ் செயலியில் சத்தத்தால் ஓடி நிற்கும் நிறுத்தக் கடிகாரமே இருக்கிறது. உயரம் மட்டும் வீடியோவிலிருந்து, அதுவும் தரையிலிருந்து பந்தின் அடிப்பாகம் வரை. அரை மீட்டர் உயரத்துக்கு 0.64 வினாடி வரும். உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் 2 சதவீதம் போய்விடும், அதனால் உச்சியை நிதானமாகப் பாருங்கள்.

உச்சியைத் துல்லியமாகப் பிடிப்பது கஷ்டம் என்று தோன்றினால் அதையும் தவிர்க்கலாம். சுவரில் இரண்டு கிடைக்கோடுகள் போடுங்கள். பந்து மேலே போகும்போது கீழ்க்கோட்டைக் கடந்ததிலிருந்து திரும்ப அதே கோட்டுக்கு இறங்கும் வரை ஒரு நேரம், மேல்கோட்டுக்கு அதேபோல் ஒரு நேரம்.

ஜி = 8 × கோடுகளின் இடைவெளி ÷ (கீழ்க்கோட்டு நேரம்² − மேல்கோட்டு நேரம்²)

இடைவெளி 0.49 மீட்டர், நேரங்கள் 0.70, 0.30 வினாடி என்றால் 3.92 ÷ 0.40 = 9.8. உச்சி எங்கே இருந்தாலும் கவலையில்லை. கோடுகள் பந்தின் தளத்தில் இல்லாவிட்டால் மேலே சொன்ன 1.1 திருத்தம் இங்கேயும் உண்டு.

இதைப் பள்ளிக்கூட வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். 1960களில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஆலன் குக் வெற்றிடத்தில் ஒரு கண்ணாடிக் குண்டை மேலே எறிந்து, இரண்டு மட்டங்களை அது கடக்கும் நேரங்களை ஒளியால் அளந்துதான் ஜி-யைக் கண்டார். குழாயில் காற்று கொஞ்சம் மிச்சமிருந்தாலும், ஏறும்போதும் இறங்கும்போதும் தடை எதிரெதிர்த் திசையில் செயல்படுவதால் அதன் பாதிப்பு பெருமளவு அடிபட்டுவிடும். அதுதான் வெறுமனே கீழே போடுவதைவிட மேலே எறிவதில் உள்ள லாபம். இத்தாலியின் டூரினில் உள்ள அளவியல் நிறுவனத்தின் ஈர்ப்புமானியும் இப்படி மேலே எறிந்து பிடிப்பதுதான். எறியப்படுவது ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் ஒரு மூலைக் கண்ணாடி, அளவுகோல் லேசர் ஒளியின் அலைநீளம்.

கடைசியாக, விடையை எதோடு ஒப்பிடுவது? 9.80665 என்பது 1901-இல் உலக அளவில் ஒப்புக்கொண்ட நியம மதிப்பு, எந்த ஊரின் மதிப்பும் அல்ல. கடல் மட்டத்தில் நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. சென்னையின் அட்சரேகைக்கு 9.783 வரும், கன்னியாகுமரிப் பக்கம் 9.781. ஊட்டி மாதிரி உயரமான இடத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். போன் வீடியோவால் இந்த மூன்றாவது தசமத்தைத் தொட முடியாது. ஆகவே ஒரே வீடியோவை வைத்து 9.823 என்று எழுத வேண்டாம். பல முறை எறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஜி கண்டுபிடித்து, சராசரியையும் அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் எழுதுங்கள். 9.8 ± 0.2 என்று வந்தால் நல்ல விடை. சிதறல் 0.2-தான், ஆனால் சராசரி 10.5 என்று வந்தால் அடுத்த எறிதலால் பயனில்லை. அளவுகோல் இருக்கும் இடத்தையும் ஃபிரேம் எண்ணிக்கையையும் போய்ப் பாருங்கள்.